இந்தூர் மட்டும் எப்படி முதலிடம்? குப்பை வண்டியும் ரேங்க் பட்டியலும்

ஸ்வச் சர்வேக்ஷன் முடிவு வரும் நாளில் நம் டைம்லைனில் இரண்டு விஷயங்கள் நிச்சயம். 'இந்தூர் மறுபடியும் முதலிடம்' என்ற செய்தி ஒன்று. 'நம்ம ஊரு ஏன் இப்படி இருக்கு?' என்ற புலம்பல் இன்னொன்று. 2025 ஜூலையில் வெளியான 2024-ம் ஆண்டுக்கான பட்டியலில் புலம்பலுக்குக் காரணமும் இருந்தது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 40 நகரங்களில் சென்னைக்கு 38-வது இடம். மதுரைக்கு 40, அதாவது கடைசி.

இதே கணக்கெடுப்பு 2016-ல் 73 நகரங்களில் நடந்தபோது முதலிடம் மைசூருக்கு, மூன்றாவது இடம் திருச்சிக்கு. இந்தூர் 25-வது இடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே அது முதலிடத்துக்கு வந்தது, 2023 வரை தொடர்ந்து ஏழு முறை அங்கேயே இருந்தது. (2023-ல் மட்டும் சூரத்துடன் பகிர்ந்துகொண்டது.) மத்தியப் பிரதேசத்தின் இந்த வணிக நகரத்தில் 2011 கணக்கெடுப்பின்படியே சுமார் 20 லட்சம் பேர். அப்படிப்பட்ட ஊர் ஒரே வருடத்தில் எப்படித் தாவியது?

முதலில் மாறியது வண்டிதான்

விழிப்புணர்வுப் பேரணி, சுவர் ஓவியம், உறுதிமொழி எல்லாம் எல்லா மாநகராட்சியும் செய்வதுதான். இந்தூர் செய்த வேறு வேலை, தெருமுனையில் இருந்த பெரிய குப்பைத் தொட்டிகளை எடுத்தது. தொட்டி இருந்தால் அதில் எல்லாம் கலந்து விழும், வெளியே சிதறும், மாடும் நாயும் வரும். ஆனால் தொட்டியை எடுத்தால் வீட்டு வாசலுக்கு வண்டி தினமும், சொன்ன நேரத்துக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் குப்பை நேராகத் தெருவுக்குத்தான் போகும்.

அதனால் சில வார்டுகளில் மட்டும் சோதனை செய்து, நேரத்தைச் சரிபார்த்து, பிறகு படிப்படியாக ஊர் முழுக்க விரித்தார்கள். வண்டிகளில் ஜிபிஎஸ். மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனி அறை. சானிட்டரி நாப்கின், மருந்துக் கழிவு போன்றவற்றுக்குத் தனிப் பெட்டி. இது பெரும்பாலும் 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாடு முழுக்கக் கேட்டதுதான். இந்தூர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, எழுதியிருப்பதைச் செய்தது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் 'நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க' என்ற பேச்சை எத்தனை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்திருக்கிறோம்?

வண்டி ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகுதான் ஊர்ப் பெருமை வேலை செய்தது. பாடகர் ஷான் பாடிய தூய்மைப் பாட்டு வண்டிகளில் ஒலித்தது. வருடா வருடம் புது முழக்கம்: மூன்றாவது வெற்றிக்கு ஹாட்ரிக், நான்காவதுக்கு பவுண்டரி, ஆறாவதுக்கு சிக்ஸர் என்று முழுக்க கிரிக்கெட் பாஷை. தெருவில் குப்பை போட்டால் 'நம்ம ரேங்க் போயிடும்' என்று பக்கத்தில் நிற்பவரே தட்டிக் கேட்டார். கூடவே அபராதமும் உண்டு. பெருமை மட்டும் போதும் என்று மாநகராட்சி நம்பவில்லை என்பது என் வாசிப்பு.

பிரித்த குப்பை எங்கே போகிறது?

தேவ்குராடியா குப்பைக் கிடங்கில் 13 லட்சம் டன்னுக்கு மேல் பழைய குப்பை மலையாக நின்றது. 2018-ல் அதைத் தோண்டிச் சலித்து, மண், பிளாஸ்டிக், கல் என்று பிரிக்கும் பயோமைனிங் வேலையைச் சில மாதங்களில் முடித்தார்கள். மொத்தமாக ஒப்பந்தம் விட்டிருந்தால் 60 கோடி ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும், இயந்திரங்களை வாடகைக்கு எடுத்துச் செய்ததால் சுமார் 10 கோடியில் முடிந்தது என்பது மாநகராட்சி சொல்லும் கணக்கு. சென்னை பெருங்குடியில் நடப்பதும் இதே முறைதான்.

ஈரக் குப்பைக்கு 2022 பிப்ரவரியில் ஒரு பயோ சிஎன்ஜி ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 550 டன் குப்பையிலிருந்து சுமார் 17,000 கிலோ எரிவாயு எடுக்கும் திறன் கொண்டது. நகரப் பேருந்துகளுக்கும் இந்த வாயு போகிறது. இங்கேதான் வீட்டுச் சமையலறை முக்கியமாகிறது. ஈரக் குப்பையில் பிளாஸ்டிக் கலந்தால் இந்த மாதிரி ஆலை திணறும். பல ஊர்களில் கோடிகள் கொட்டிக் கட்டிய ஆலைகள் முடங்கியதற்குப் பெரிய காரணமே கலந்த குப்பை. ஆலைக்கான மூலப்பொருளைத் தயார் செய்வது நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரேங்க்கை எப்படிப் படிக்க வேண்டும்?

கொஞ்சம் கவனமாக. சென்னை 2023 பட்டியலில் 199-வது இடம், 2024-ல் 38. பெரிய முன்னேற்றம் போலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் 199 என்பது ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 446 நகரங்களில் கிடைத்த இடம். 38 என்பது 40-ல் கிடைத்தது. இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்து கிராஃப் போடவே கூடாது.

மதிப்பெண்ணும் அப்படித்தான். 2017-ல் மொத்தம் 2,000. 2023-ல் 9,500. 2024-ல் 12,500. எதற்கு எவ்வளவு மார்க் என்பதும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2017-ல் 900 மார்க் மாநகராட்சி கொடுக்கும் ஆவணங்களுக்கு, 600 மக்கள் கருத்துக்கு, நேரில் போய்ப் பார்ப்பதற்கு 500 மட்டும். அதாவது தெருவைப் பார்ப்பதைவிட ஃபைலைப் பார்ப்பதற்கு அதிக மார்க். ஃபைலை ஒழுங்காக வைப்பதும் ஒரு நிர்வாகத் திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது தெருவின் சுத்தம் அல்ல.

2024-ல் இன்னொரு மாற்றம். ஏற்கெனவே முன்னணியில் இருந்த நகரங்களை 'சூப்பர் ஸ்வச் லீக்' என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். இந்தூர் அந்த லீக்கில் முதலிடம். சென்னையும் மதுரையும் இருந்த 40 நகரப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அகமதாபாத். அதனால் 'இந்தூர் 1, மதுரை 40' என்று வந்த மீம்கள் தவறு.

பெருமையின் விலை

2021 ஜனவரி இறுதி. குளிர்காலம். இந்தூர் மாநகராட்சி வண்டி ஒன்று, வீடற்ற முதியவர்களை அவர்களின் மூட்டை முடிச்சோடு ஏற்றிக்கொண்டு போய் ஊர் எல்லைக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிட்டது. அங்கிருந்த மக்கள் எதிர்த்துக் கேட்டு வீடியோ எடுத்த பிறகுதான் அவர்கள் திரும்ப ஏற்றப்பட்டார்கள். ஒரு துணை ஆணையரை முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் இடைநீக்கம் செய்தார்.

இதை ஒரு சில ஊழியர்களின் தவறு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 'சுத்தமான ஊர்' என்ற பட்டத்துக்காக எல்லோரும் ஓடும்போது, யார் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்ற பட்டியலும் கூடவே உருவாகிறது. திறந்தவெளியில் மலம் கழிப்பவர்களைக் கூட்டமாகப் போய் விசிலடித்து வெட்கப்படுத்தும் 'டப்பா கேங்' முறையையும் இதே நகரம்தான் கொண்டாடியது. வீட்டில் கழிப்பறை இல்லாதவர்தானே அங்கே உட்கார்ந்திருப்பார்?

துடைப்பம் பிடிப்பவர்களுக்கு ரேங்க்கால் என்ன கிடைக்கிறது என்பது தலைப்புச் செய்தியில் வருவதே இல்லை. அவர்கள் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தத்தில் இருப்பவரா, கையுறை தரப்படுகிறதா, வார விடுப்பு உண்டா என்பதை நகரத்தின் ஒற்றை ரேங்க் எண் சொல்வதில்லை.

உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்க வேண்டுமென்றால், ரேங்க்கை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: நம் வார்டில் எத்தனை வீடுகளில் பிரித்த குப்பையை வாங்குகிறீர்கள்? பிரித்தது அடுத்து எந்த இடத்துக்குப் போகிறது? போன மாதம் கிடங்கில் கொட்டியது எத்தனை டன்? வண்டியை எடை மேடையில் ஏற்றும் மாநகராட்சிகளிடம் கடைசிக் கேள்விக்கான எண் இருக்கும். தரவில்லையென்றால் 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ போடலாம்.