ஆளுமைத் தேர்வு (இந்தியக் குடிமைப் பணிகள்)

ஆளுமைத் தேர்வு என்பது இந்திய ஒன்றியப் பொதுப் பணித் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் இறுதிக் கட்டமான நேர்முகத் தேர்வு ஆகும். இதற்கு 275 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் இல்லை. இவை முதன்மை எழுத்துத் தேர்வின் 1750 மதிப்பெண்களுடன் கூட்டப்பட்டுத் தரவரிசை அமைகிறது. ஆகவே எழுத்துத் தேர்வில் நெருங்கி நிற்பவர்களின் இடத்தை இத்தேர்வு மாற்றக்கூடும்.

நோக்கம்

பாட அறிவை மீண்டும் அளப்பது இதன் நோக்கமன்று. மன விழிப்பு, தெளிவான தருக்கம், நடுநிலை, நேர்மை முதலியன மதிப்பிடப்படுகின்றன.

ஆயத்தம்

தேர்வரின் விரிவான விண்ணப்பத்திலிருந்து வினாக்கள் பல எழுகின்றன. எனவே சொந்த மாவட்டம், பட்டப்படிப்பு, முந்தைய பணி, பொழுதுபோக்கு என அதில் எழுதிய ஒவ்வொன்றையும் விளக்க ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இல்லாத ஆர்வத்தைக் குறிப்பிட்டவர் துணை வினாக்களில் தடுமாறுவார். விடை தெரியாதபோது ஊகித்து மழுப்புவதைவிடத் தெரியாது எனக் கூறுவதே நன்று. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் இத்தேர்வையும் தமிழில் எதிர்கொள்ளலாம்.