பாலை கடந்த குடும்பம்

ஐவகை நிலத்துள் பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு என்பது தமிழ் பயின்றோர் யாவரும் அறிந்ததே. பொருள்வயிற் பிரியும் தலைவன் மனைவி மக்களை இல்லின்கண் நிறுத்தித் தான் மட்டுமே சுரங் கடப்பான். இதற்கு மாறாக, மனைவி மக்களோடு பாலை கடந்த ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஜான்ஸ்டவுன் நகரத்தவர் ஜேக்கப் மர்டாக் என்னும் மர வணிகர். இவர் 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், மனைவியும் மூன்று மக்களும் உடன்வர, தெற்குக் கலிபோர்னியாவினின்று பாக்கார்டு மோட்டார் வண்டியில் நியூயார்க் நோக்கிப் புறப்பட்டார். அக்கண்டத்தை மோட்டாரிற் குறுக்கே கடக்கும் செயல் அப்போது மிகப் புதியது. 1903-இல் முதன்முதல் அதனை முடித்த ஜாக்சன் என்பவருக்கு 63 நாட்கள் ஆயின. அவருடன் சென்றவர் ஒரு தொழிலாளி மட்டுமே. குழந்தைகளை ஏற்றிச் செல்ல எவரும் துணிந்திலர்.

தடைகளுட் பெரியது பாலையே. மொகாவே மணல்வெளியிலும் நெவாடாவின் வறண்ட மேட்டு நிலத்திலும் சாலை என்று சொல்லத்தக்கது இல்லை. குதிரை வண்டிகளின் சக்கரத் தடமே வழியாம். மணலிற் சக்கரம் புதையும். வெம்மையால் எந்திரத்து நீர் கொதித்து ஆவியாகும். ஆகவே மனிதர் தாகத்திற்கும் எந்திரத்தின் தாகத்திற்கும் ஒருங்கே நீர் சுமத்தல் வேண்டும். 1903-இல் பாக்கார்டு வண்டியில் அவ்வழி சென்ற டாம் பெட்ச் என்பார், மணல்மீது கித்தான் துணியை விரித்து அதன்மேல் வண்டியை உருட்டினார் என்பர்.

இத்தகைய நிலத்திற்கு மக்களை அழைத்துச் சென்றது அன்போ, அறியாமையோ எனின், அவர் செய்த முன்னேற்பாடே விடை கூறும். 1903-இலேயே கண்டத்தைக் கடந்து தேர்ந்த விட்மன் என்பவரை வழிகாட்டியாகக் கொண்டார். எந்திரம் வல்லார் ஒருவரையும் உடன் கொண்டார். துணிவுக்கு முன் ஆராய்ச்சி நின்றது.

மே 26-ஆம் நாள், 32 நாட்களில், அக்குடும்பம் நியூயார்க்கை நலமே அடைந்தது. குடும்பமாகக் கண்டத்தைக் கடந்த முதற் மோட்டார்ப் பயணம் இதுவே என்பர். மறு ஆண்டில் ஆலிஸ் ராம்சே என்னும் பெண்மணி தாமே வண்டி செலுத்தி அக்கண்டத்தைக் கடந்தார். 1913-இல் லிங்கன் நெடுஞ்சாலைத் திட்டம் எழுந்தது.

அன்பர்காள்! பொருள் தேடுங்கால் பிரிவு சிலபோது தவிர்க்கலாகாதது. ஆயினும் இடரைத் தந்தை ஒருவரே தாங்க வேண்டும் என்பதும், மனைவி மக்கள் வாயிலிலேயே காத்திருக்க வேண்டும் என்பதும் மாற்றலாகாத விதியன்று. தக்க துணையும் முன்யோசனையும் இருப்பின், பாலையும் குடும்பம் கூடியிருக்கும் இடமாகும்.