எழுத்தெண்ணிப் பிறந்த ஆட்டம்: ஸ்கிராபிளின் வரலாறு

ஈ, ஐ, எல், வி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை ஒரு மாணவரிடம் கொடுத்து, நான்கையும் கொண்டு சொல் அமைக்கச் சொல்லிப் பாருங்கள். 'லிவ்' (வாழ்) உடனே வரும். சற்று யோசித்தால் 'ஈவில்' (தீமை) கிடைக்கும். 'வெய்ல்' (முகத்திரை), 'வைல்' (இழிவான) ஆகியவற்றைப் பிடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். கொடுத்த எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கும் சொற்களைத் தேடும் இந்த வேலையை உலகம் முழுவதும் வீட்டு விளையாட்டாக ஆக்கியது ஸ்கிராபிள். அதை உருவாக்கியவர் வேலை இழந்த ஒரு கட்டடக் கலைஞர்.

ஆல்பிரட் மோஷர் பட்ஸ் 1899-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள போகீப்சி என்னும் ஊரில் பிறந்தார். 1929-இன் பங்குச் சந்தை வீழ்ச்சியைத் தொடர்ந்த பெருமந்தத்தில், 1931 வாக்கில், அவருக்கு வேலை போயிற்று. அப்போதுதான் அவர் விளையாட்டுகளைப் பற்றி ஆராயத் தொடங்கினார். பகடை போன்றவை எண்ணை நம்பியவை. சதுரங்கம் போன்றவை காய் நகர்த்தலை நம்பியவை. மூன்றாவது வகை சொல் விளையாட்டுகள். பகடையில் அதிர்ஷ்டம் அதிகம், சதுரங்கத்தில் அதற்கு இடமே இல்லை. இரண்டும் கலந்த ஒரு சொல்லாட்டம் வேண்டும் என்று அவர் நினைத்தார்.

எந்த எழுத்துக்கு எத்தனை வில்லைகள் வைப்பது? இங்கே அவருக்குக் கைகொடுத்தது ஒரு சிறுகதை. எட்கர் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட 'தி கோல்ட் பக்' கதையில், ஆங்கிலத்தில் ஈ என்ற எழுத்தே மிக அதிகம் வரும் என்ற உண்மையை வைத்து ஒரு மறைகுறிச் செய்தி படிக்கப்படுகிறது. (எழுத்துகளின் எண்ணிக்கையைக் கொண்டு மறைகுறியை உடைக்கும் இந்த முறையை 9-ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத் அறிஞர் அல்-கிந்தி எழுதி வைத்திருக்கிறார்.) பட்ஸ் செய்தித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக எண்ணினார். நியூயார்க் டைம்ஸ் இதழின் முதல் பக்கமும் அதில் அடங்கும். கணினி இல்லாத காலம். எல்லாம் கையால் செய்த கணக்கு.

இன்றும் ஆங்கில ஸ்கிராபிளில் 100 வில்லைகள். அவற்றில் ஈ 12, ஏ 9, ஐ 9, ஓ 8. க்யூ, இசட் போன்றவை ஒவ்வொன்றே. எழுத்தில்லாத வெற்று வில்லைகள் இரண்டு. கிடைப்பது அரிதானால் மதிப்பெண் கூடும்: க்யூவுக்கும் இசட்டுக்கும் 10, ஈ-க்கு 1.

ஆனால் வெறும் எண்ணிக்கையை அப்படியே பின்பற்றியிருந்தால் ஆட்டம் கெட்டிருக்கும். ஆங்கிலத்தில் எஸ் மிகுதியாக வரும் எழுத்து. அதை ஏராளமாக வைத்தால் மேலே சொன்ன லிவ், ஈவில், வெய்ல் மூன்றின் முடிவிலும் எஸ்ஸை ஒட்டிப் புதுச்சொல் ஆக்கிவிடலாம். சிந்தனைக்கு வேலையே இராது. ஆகவே வேண்டுமென்றே அதை நான்காகக் குறைத்தார். அவர் எண்ணியதைவிட இந்தக் குறைப்பில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது என்பேன்.

'லெக்சிகோ' என்று பெயரிட்ட முதல் வடிவத்தில் பலகை கிடையாது. 1938-இல் குறுக்கெழுத்துப் புதிர் போலச் சொற்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பலகை சேர்ந்தது. பெயரும் 'கிரிஸ்-கிராஸ் வேர்ட்ஸ்' ஆயிற்று. பெரிய விளையாட்டு நிறுவனங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. பட்ஸ் தாமே செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவந்தார். அவர் மனைவி நீனா ஒருகாலத்தில் அவருக்கே ஆசிரியையாக இருந்தவர். ஆட்டத்தில் கணவரை எளிதாக வென்றுவிடுவாராம். ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

1948-இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமையைப் பெற்று, விதிகளைச் சற்று மாற்றி, 'ஸ்கிராபிள்' என்று பெயர் சூட்டினார். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்கு ஒரு சிறு தொகை என்பது ஒப்பந்தம். கனெக்டிகட்டில் கைவிடப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடத்தில் தயாரிப்பு நடந்தது. 1949-இல் செய்தவை 2,400 பெட்டிகள். நட்டம் 450 டாலர். 1952-இல் மேசிஸ் பல்பொருள் அங்காடியின் தலைவர் விடுமுறையில் இதை விளையாடிப் பிடித்துப்போய்த் தம் கடைக்கு வாங்கச் சொன்னதாகக் கூறுவர். அதன்பின் கேட்டவர்களுக்கெல்லாம் செய்துகொடுக்க முடியாத நிலை!

போட்டிகள் வளர்ந்தபின் சொல் தேடுவதே ஒரு பயிற்சியாயிற்று. தேர்ந்த ஆட்டக்காரர்கள் கையிலுள்ள எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கிப் பார்ப்பார்கள். ஈ-ஐ-எல்-வி என்ற அடுக்கைக் கண்டதும் அதற்குரிய நான்கு சொற்களும் நினைவுக்கு வர வேண்டும். கணினி நிரல்களும் இதே உத்தியைக் கையாளுகின்றன: அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டால், ஒரே அடுக்கு உடைய சொற்கள் தாமாகவே ஓரிடத்தில் சேர்ந்துவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட எளிய வழி, ஆர்ஈ, யுஎன் போன்ற முன்னொட்டுகளையும் ஐஎன்ஜி, ஈஆர் போன்ற பின்னொட்டுகளையும் முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியுள்ள எழுத்துகளில் சொல் தேடுவது.

சொல்லின் பொருள் தெரிய வேண்டுமா? நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலக வாகையர். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. 2015-இல் பிரெஞ்சுச் சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்துகொண்டு போய், பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளின் உலகப் போட்டியில் வென்று வந்தார்.