பேட்டைகளின் வழி: பாளையம்பட்டியும் கரிசல் காட்டுச் சரளைப் பாதைகளும்

மலைநாட்டுச் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது இன்று உலகெங்கும் தனியொரு விளையாட்டாக வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு சிலரோடு தொடங்கிய 200 மைல் பந்தயத்துக்கு இப்போது ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். தார்ச்சாலைக்கு உரிய மெல்லிய டயரும் இல்லாமல், மலைச் சைக்கிளின் பருத்த டயரும் இல்லாமல், இடைப்பட்ட அகலத்தில் டயர் பூட்டிய 'கிராவல் சைக்கிள்' என்ற வகையே இதற்கென உருவாகியிருக்கிறது. நம் இளைஞர்களும் இத்தகைய பாதைகளைத் தேடிக் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்கிறார்கள்.

கரடுமுரடான வழியில் செல்வோர்க்கு வழி சொல்லும் மரபு தமிழுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளில் செய்வது பெரும்பாலும் அதுதான். நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு, பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், கவண்கல் எங்கிருந்து பாயும், வழுக்கும் இடம் எது, இரவில் எங்கே தங்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது அந்நூல். ஆறு, நெறி, அதர், சுரம், கவலை என வழிக்குத்தான் எத்தனை சொற்கள்! கவர்த்துப் பிரியும் வழிக்குக் கவலை என்று பெயரிட்ட முன்னோர், வழி தவறுவதன் துயரை நன்கு உணர்ந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

ஆனால் வழியின் வரலாறு மலையோடு முடிந்துவிடுவதில்லை. மேற்கு மலைப்பகுதியில் பிறக்கும் குண்டாறு திருமங்கலம், திருச்சுழி, கமுதி ஆகிய ஊர்களைத் தொட்டுக் கடலை நோக்கிச் செல்கிறது. அவ்வாறு இறங்கிவரும் சமவெளியில்தான், அருப்புக்கோட்டையை ஒட்டி, நாம் இங்கே பேச விரும்பும் பாளையம்பட்டி இருக்கிறது. பாளையம்பட்டியின் வரலாறு பெரிதும் பாதையின் வரலாறே.

நாடார் சமூகத்தின் வரலாற்றை ஆராய்ந்து 1969இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஹார்ட்கிரேவ், பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆறு ஊர்களை ஒரு தொகுதியாகக் காட்டுகிறார். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகியவை அவை. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலியவற்றை ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த வணிகர்கள், வழியில் அமைத்துக்கொண்ட தங்குமிடங்களே பேட்டைகள். வண்டிகளும் சரக்கும் மாடுகளும் இரவில் அடைந்துகிடக்கச் சுற்றுச்சுவரோ வேலியோ உடைய ஒரு வளாகம், ஒரு கிணறு, கடைகள் என்று பேட்டை தொடங்கும். வழிப்பறி மிகுந்த காலத்தில் அடுத்த பேட்டையைப் பொழுது சாய்வதற்குள் எட்டிவிடுவது உயிர்ப் பிரச்சினை. நாளடைவில் பேட்டையைச் சுற்றி வீடுகள் எழுந்தன. தங்கிச் செல்ல வந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆனார்கள்.

இவ்வூர்களுக்கு இடைப்பட்ட தொலைவைப் பாருங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் சுமார் 20 கிலோமீட்டர். விருதுநகரிலிருந்து சிவகாசி 25ஐ ஒட்டியும், திருமங்கலம் 30ஐ ஒட்டியும் வரும். சரக்கேற்றிய மாட்டுவண்டி மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர் செல்லும். அதிகாலையில் பூட்டி, உச்சி வெயிலில் அவிழ்த்து, மாலையில் மீண்டும் பூட்டினால் ஒரு நாளில் கடக்கக்கூடிய தொலைவு ஏறத்தாழ இதுவே. அடுத்தடுத்து இருக்கும் பாளையம்பட்டியும் அருப்புக்கோட்டையும் மட்டும் இக்கணக்குக்கு விலக்கு. மற்றபடி, இந்நிலத்தின் வரைபடத்தை மாட்டின் கால்களும் சேர்ந்தே எழுதியிருக்கின்றன எனலாம்.

மாட்டின் கால்கள் மட்டுமல்ல, மண்ணும் எழுதியது. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் களியாக மாறிச் சக்கரத்தை விடாது பற்றிக்கொள்ளும். இரும்புப் பட்டா அடித்த வண்டிச் சக்கரம் அதில் அச்சளவு புதைந்துவிடும். எனவே மேடான இடங்களையும், செம்மண்ணும் சரளையும் கலந்த திட்டுகளையும் தேடித் தேடி வண்டித்தடங்கள் வளைந்து நெளிந்து சென்றன. இன்றும் கரிசலில் சைக்கிள் மிதிப்பவர், மழை பெய்த மறுநாள் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் இடையே களிமண் அடைத்துக்கொள்ளும்போது, நேர்வழியை விட்டு முன்னோர் ஏன் சுற்றிப் போனார்கள் என்பதை உடனே புரிந்துகொள்வார்.

வழி கொடுத்தது வருவாய் மட்டுமன்று. பேட்டையில் விற்கும், வாங்கும் சரக்கின்மீது வணிகர்கள் தமக்குள் விதித்துக்கொண்ட மகமை என்ற பொதுநிதி, காலப்போக்கில் பள்ளிகளாக உருமாறியது. விருதுநகரில் 1889இல் தொடங்கப்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலை அதற்குத் தலைசிறந்த சான்று. அதே காலத்தில்தான் கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக இச்சமூகத்தினர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1899இல் சிவகாசி பெரும் கலவரத்தைக் கண்டது. கோயில் வாயில் மூடியிருந்த நாளில் திறந்திருந்தது சாலை ஒன்றே. அச்சாலையில் ஈட்டியதைக் கொண்டு பள்ளிக்கூட வாயிலை அவர்கள் தாமே திறந்துகொண்டார்கள். கமுதி வழக்கில் 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்தப் புழுதிப் பாதைகளின் மதிப்பு இன்னும் நன்றாக விளங்கும்.

பேட்டைகளுக்கு முன்பும் இங்கே வழிப்போக்கர்கள் இருந்தார்கள். அருப்புக்கோட்டைக்கு அருகில் உள்ள கோவிலாங்குளத்தில் முதற் குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது ஏறத்தாழ கி.பி. 1118ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. வெண்புநாட்டுக் கும்பனூரைச் சேர்ந்த சமண இல்லறத்தார், முக்குடையார்க்குக் கோயில் எடுத்ததோடு கிணறும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்த செய்தியை அது கூறுகிறது. வணங்கும் தெய்வத்துக்கு அடுத்தபடியாக, வழிநடப்போரின் தாகத்தை நினைத்த உள்ளம் அது. வறண்ட நாட்டில் தண்ணீர் இல்லாத வழி, வழியே ஆகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தமிழகத்தின் வேறு மூலைகளிலும் இத்தகைய கரிசனத்தைக் காண்கிறோம். தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு அதியமான் பெருவழிக் கல், நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் சொல்வதோடு நிற்கவில்லை. பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும், ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழிகளும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாதவரும், இருளில் வந்தவரும் விரலால் தடவியே தொலைவை அறிந்துகொள்ளலாம்!

இப்பாதைகளின் முதன்மை எப்போது குறைந்தது? தூத்துக்குடிக்கான இருப்புப்பாதை 1876இல் விருதுபட்டி வழியாக ஓடத் தொடங்கியது. விருதுபட்டி என்பது விருதுநகரின் பழைய பெயர். அருப்புக்கோட்டைப் பகுதிக்கு இரயில் வந்ததோ 1960களில். இடைப்பட்ட காலத்தில் இப்பக்கத்துப் பருத்தி இரயிலடியைச் சேர வண்டித்தடத்தையே நம்ப வேண்டியிருந்தது. பின்னர் லாரி வந்தது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தால் சிற்றூர்களுக்கும் தார்ச்சாலை வந்தது. பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும் பள்ளி செல்லும் பிள்ளைக்கும் தார்ச்சாலை தந்த நன்மையை மறுப்பது அறிவுடைமை ஆகாது. நாம் கவலைப்படுவது தாருக்கு அடியில் போன பாதையைப் பற்றியன்று, கைவிடப்பட்ட பாதையைப் பற்றியே. புலப்படத்தில் வண்டிப்பாதை என்று கோடு இருக்கும். நேரில் சென்றால் சீமைக்கருவேலம் மூடியிருக்கும், அல்லது இருபுறத்து உழவும் நடுவில் சந்தித்திருக்கும். கால் படாத பாதை சில ஆண்டுகளிலேயே நிலத்தோடு நிலமாகிவிடுகிறது. அதன் ஓரத்துச் சுமைதாங்கிக் கல்லும் ஊருணியும் யாருக்கும் உரியவை அல்லாமல் போகின்றன.

இத்தாலியின் தஸ்கனி மலைப்பகுதியிலும் இதே கவலை எழுந்தது. அங்குள்ள வெண்ணிறச் சரளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தார் பூசப்படுவதைக் கண்ட ஜியான்கார்லோ ப்ரோக்கி என்பவர், 1997இல் கயோலே என்ற சிற்றூரில் பழைய சைக்கிள்களைக் கொண்டு 'லெரோயிகா' என்ற பயணத்தைத் தொடங்கினார். முதலாண்டு வந்தவர்கள் 92 பேர். பத்தே ஆண்டுகளில், 2007இல், அதே சாலைகளில் உலகின் முன்னணி வீரர்கள் போட்டியிடும் பந்தயமும் பிறந்துவிட்டது. சாலையைக் காத்தது அருங்காட்சியகமன்று, அதில் உருண்ட சக்கரம்.

நமக்குப் பந்தயம் வேண்டியதில்லை. தை பிறந்து மண் இறுகியபின், பங்குனி வெயில் கடுமையாகும் முன், பாளையம்பட்டியில் தொடங்கி அருப்புக்கோட்டை, கோவிலாங்குளம் என்று பார்த்துக்கொண்டு, சுந்தரர் பாடிய திருச்சுழிக்கும், குண்டாற்றின் மறுகரையில் இருக்கும் பள்ளிமடத்துக்கும் ஒரு நாளில் சைக்கிளில் போய்வரலாம். சாதாரணச் சைக்கிளே போதும். கூடுமானவரை தார்ச்சாலையை விட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் பழைய வண்டிப்பாதை எதுவெனக் கேட்டுச் செல்லுங்கள். போகிற வழியில் கிணறு, கல், சத்திரம் எது கண்ணில் பட்டாலும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், படமெடுங்கள். கல்வெட்டில் மாவு, சாக்கட்டி எதையும் பூச வேண்டாம். குடிக்கத் தண்ணீரை மட்டும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். கும்பனூரார் வைத்த பந்தல் இப்போது அங்கே இல்லை.