பின்னர் பூட்டிய சூப்பர்சார்ஜர்: பென்ட்லி எஞ்சினின் வரலாற்றிலிருந்து

எஞ்சினின் திறனைக் கூட்ட இரு வழிகள் உண்டு: உருளைகளின் கொள்ளளவைப் பெருக்கலாம், அல்லது அதே உருளைகளுக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தலாம். 1920களின் இறுதியில் பிரிட்டனின் பென்ட்லி நிறுவனத்தில் இவ்விரண்டும் மோதின.

1928இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற நாலரை லிட்டர் பென்ட்லி, காற்றை இயல்பாக உள்ளிழுத்தே ஏறத்தாழ 110 குதிரைத்திறன் தந்தது. அதில் சூப்பர்சார்ஜர் பூட்ட விரும்பினார் பந்தய வீரர் டிம் பர்கின். எஞ்சினின் வடிவமைப்பையே அது கெடுத்துவிடும் எனக் கருதிய நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லி இசையவில்லை, கொள்ளளவைப் பெருக்குவதே அவர் வழி. டோரதி பேஜட்டின் பொருளுதவியால் பர்கின் தம் எண்ணத்தை நிறைவேற்றினார். ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் உருவாக்கிய சூப்பர்சார்ஜர் வணரித்தண்டின் முன்முனையில் பூட்டப்பட்டது. பந்தய வண்டியின் திறன் 240 குதிரைத்திறன் அளவுக்கு உயர்ந்தது.

திறனோடு வெப்பமும் எரிபொருள் செலவும் ஏறின. 1930 லெ மானில் அவ்வண்டிகள் பந்தயத்தை முடிக்கவில்லை. சூப்பர்சார்ஜர் இல்லாத ஆறரை லிட்டர் ‘ஸ்பீட் சிக்ஸ்’ வண்டிகள் முதலிரு இடங்களையும் பெற்றன.

மறு ஆண்டே பர்கின், ஹோ பிரபுவுடன் இணைந்து லெ மானை வென்றார். அவர்கள் ஓட்டியது, தொடக்கத்திலிருந்தே சூப்பர்சார்ஜருக்கென வடிவமைக்கப்பட்ட 2.3 லிட்டர் ஆல்ஃபா ரோமியோ. பர்கினின் நம்பிக்கைக்கும் பென்ட்லியின் மறுப்புக்கும் ஒருசேர நியாயம் வழங்கிய வெற்றி அது.