லூயிஜி ஆல்பெர்த்தினி: பத்திராதிபர் எழுதிய சரித்திரம்

1914ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு பெல்கிரேடு நகரில் ஆஸ்திரியத் தூதர் செர்பியாவிடம் சேர்ப்பித்த இறுதி எச்சரிக்கை, முதலில் ஐந்து மணிக்கே தரப்படுவதாக இருந்தது. ரஷ்யத் தலைநகரில் விருந்தினராக இருந்த பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவாங்காரே கப்பலேறிச் சென்ற பின்னரே செய்தி அங்கு எட்டவேண்டுமென்று கருதி, ஒரு மணி நேரம் ஒத்திவைத்தார்கள். இத்தகைய நுணுக்கங்களை அற்பமென்று தள்ளாமல், அவற்றினூடே ராஜதந்திரிகளின் உள்ளக்கிடக்கையைத் துருவிக் கண்டவர் லூயிஜி ஆல்பெர்த்தினி. 1914ஆம் ஆண்டு யுத்தத்தின் மூலகாரணங்களைப் பற்றி மூன்று பெரும் பகுதிகளாக அவர் எழுதிய நூல், மேலோட்டமாகப் புரட்டுவோருக்குத் தந்திகளின் தொகுப்பாகத் தோன்றக்கூடும். ஆனால் அந்தப் பொறுமையே ஆராய்ச்சி முறையாக அமைந்தது என்பதும், அதை அவருக்குக் கற்பித்தது பத்திரிகைத் தொழிலே என்பதும் என் துணிபு.

1871இல் ஆங்கோனாவில் பிறந்த ஆல்பெர்த்தினி, லண்டனில் 'டைம்ஸ்' பத்திரிகை நடைபெறும் விதத்தை நேரில் கவனித்தறிந்து, 1896இல் மிலான் நகரத்துக் 'கொரியேரே தெல்லா சேரா'வில் சேர்ந்து, 1900இல் அதன் ஆசிரியரானார். பொருளாதார அறிஞர் ஐனாவுதி போன்றோரின் எழுத்தைத் தாங்கி வந்த அப்பத்திரிகை, அவர் காலத்தில் இத்தாலிய மிதவாதத்தின் பிரதான குரலாயிற்று. 1915இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவேண்டுமென்று அவர் தீவிரமாக வாதாடினார். பாசிஸ இயக்கத்தின் அபாயத்தை அவர் தொடக்கத்திலேயே முழுமையாக உணர்ந்தார் என்று சொல்வதற்கில்லை. உணர்ந்தபின் பின்வாங்கவில்லை என்பதே அவருக்குப் பெருமை. 1924இல் சோஷலிஸ்ட் பாராளுமன்ற உறுப்பினர் மத்தெயோத்தி கொலையுண்டபின் பத்திரிகையின் கண்டனம் கடுமையாகவே, 1925 நவம்பரில் அவர் ஆசிரியர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். செனட் சபையில் அவருக்கிருந்த ஆயுட்கால ஸ்தானத்தை மட்டும் பறிக்க இயலவில்லை.

பேனா பிடுங்கப்பட்ட மனிதர் ரோமாபுரிக்கு அருகே தொர்ரே இன் பியேத்ராவில் நிலத்தைத் திருத்திப் பண்ணை அமைத்தார், சரித்திரத்திலும் முனைந்தார். பழைய நிருபரான லூச்சானோ மக்ரீனியின் துணையோடு, 1914இன் அரசியலில் பங்குகொண்டு எஞ்சியிருந்தவர்களைத் தேடி விசாரித்தார். அச்சேறிய அரசாங்க ஆவணங்களை அவர்கள் வாக்குமூலத்தோடு ஒப்புநோக்கினார். ஜூலை 30ஆம் தேதி நிகழ்ச்சிகளை அவர் விவரிக்கும் இடத்தில் இம்முறையின் பயன் விளங்கும்: சமரசத்துக்கு இணங்கும்படி ஜெர்மன் பிரதமர் பெத்மான் ஹோல்வெக் வியன்னாவை வற்புறுத்திக்கொண்டிருந்த வேளையிலேயே, ஜெர்மன் சேனைத்தலைவர் மோல்ட்கே ரஷ்யாவுக்கு எதிராக உடனே படை திரட்டும்படி அதே வியன்னாவுக்குத் தூண்டுதல் அனுப்பினார். தந்திகள் புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் வரிசைப்படுத்திப் பார்த்தாலொழிய இந்த இரட்டைக் குரல் புலப்படாது. செய்தி எப்பொழுது வந்தது, யார் கைக்கு முதலில் வந்தது என்று இரவு தோறும் கேட்டுப் பழகியவருக்கு இக்கேள்வி இயல்பாகவே எழுந்தது.

ஆஸ்திரியா, ஜெர்மனி இரண்டின்மீதும் பெரும் பொறுப்பைச் சுமத்திய அவர், ரஷ்யாவின் அவசரப் படைதிரட்டலையும், பிரிட்டிஷ் மந்திரி கிரேயின் தயக்கத்தையும், சொந்த நாட்டு மந்திரி சான் ஜூலியானோவின் போக்கையும் மன்னிக்கவில்லை. நூல் 1914இன் நடுநிலைப் பிரகடனங்களோடு முடிவதால், 1915இல் அவர் நடத்திய கிளர்ச்சி அதன் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. அதைப் பரிசீலிக்க விரும்புவோர், மரணத்துக்குப் பின் வெளியான அவருடைய அரசியல் நினைவுக் குறிப்புகளையும் உடன்வைத்துப் படித்தாக வேண்டும்.

1941 டிசம்பர் 29ஆம் தேதி, இத்தாலி மீண்டும் ஒரு மகாயுத்தத்தில் சிக்கியிருந்த நாளில், அவர் ரோமாபுரியில் காலமானார். நூலின் முதற் பகுதி 1942இல் மிலானில் வெளிவந்தது.