செயலூட்டிய கசடு முறை

நகரக் கழிவுநீரைச் சுத்திகரிக்க உலகெங்கும் பரவலாகக் கையாளப்படும் உயிரியல் முறை இது. கழிவுநீரில் காற்றைச் செலுத்தினால், அதிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று பெருகும். பெருகியவை ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்பு நிறத் திரள்களாகி, நீர் அசையாமல் நின்றதும் அடியில் படியும். அந்தப் படிவே செயலூட்டிய கசடு. அதைக் கழித்துவிடாமல் மறுபடியும் தொட்டிக்கே அனுப்புவதில்தான் முறையின் உயிர் இருக்கிறது.

கழிவுநீருக்குக் காற்றூட்டும் சோதனைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்தன. பெரிய பலன் கிட்டவில்லை. 1912இல் மான்செஸ்டர் வேதியியலாளர் கில்பர்ட் ஃபவுலர், அமெரிக்காவின் லாரன்ஸ் சோதனை நிலையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் தூண்டுதலால் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் இருவரும் டேவிஹியூம் சுத்திகரிப்பு நிலையத்தில் குடுவைகளில் கழிவுநீரை நிரப்பிக் காற்றூட்டினர். அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக மாற முதல் தடவை ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, தங்கிய கசட்டின் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினர். கசடு சேரச் சேர நேரம் குறைந்தது. முடிவில் ஒரே நாளில் வேலை முடிந்தது. பழைய தயிரை உறையூற்றிப் பாலைத் தோய்க்கும் நம் வீட்டு அறிவுக்கு மிக அருகில் நிற்கும் கண்டுபிடிப்பு இது. 1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரில் இதை அறிவித்தார்கள். பெயரிட்டவர்களும் அவர்களே.

இன்றைய நிலையங்களில் கழிவுநீர் காற்றூட்டுத் தொட்டியில் பொதுவாக 4 முதல் 8 மணி நேரம் தங்குகிறது. கசடோ 5 முதல் 15 நாள்வரை சுற்றிச் சுற்றி வருகிறது. நீரின் தங்கல் நேரத்தையும் உயிர்களின் தங்கல் நேரத்தையும் இப்படிப் பிரித்ததால்தான் சிறிய தொட்டியில் பெரிய வேலை நடக்கிறது. தொட்டி நீரில் லிட்டருக்கு 2,000 முதல் 4,000 மில்லிகிராம் திடப்பொருளும், சுமார் 2 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜனும் இருக்குமாறு பார்த்துக்கொள்வார்கள். அடுத்து வரும் படிவுத் தொட்டியில் கசடு பிரிகிறது. பெரும்பங்கு திரும்பிவிடும், மிகுந்ததை வெளியேற்றுவார்கள்.

கசட்டின் உடல்நிலையை அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தொட்டி நீரை எடுத்து 30 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். திரள்கள் கூடி, போர்வைபோல மெல்ல இறங்க, மேலே தெளிந்த நீர் நிற்கும். லிட்டருக்கு 2,500 மில்லிகிராம் திடப்பொருள் உள்ள நீரில் படிவு 250 மில்லிலிட்டரில் நின்றால், கசட்டுப் பருமக் குறியீடு (ஒரு கிராம் திடப்பொருள் பிடிக்கும் இடம், மில்லிலிட்டரில்) 100, நல்ல கசடு. 150ஐத் தாண்டினால் கவலைதான். ஆக்சிஜனோ ஊட்டமோ குறையும்போது இழைப் பாக்டீரியாக்கள் மிஞ்சி வளர்ந்து, கசடு பஞ்சுபோல உப்பிப் படிய மறுக்கும். கலங்கலோடு வெளியேயும் போய்விடும். தேர்ந்த இயக்குநர் நுண்ணோக்கியிலும் பார்ப்பார். காம்பில் நிற்கும் மணிபோன்ற வார்ட்டிசெல்லா என்னும் நுண்ணுயிர்கள் நிறைய இருந்தால் அவருக்கு நிம்மதி.

காற்றூட்டவே நிலையத்தின் மின்சாரத்தில் பாதியளவு செலவாவது இம்முறையின் பெருங்குறை. சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற நிலையங்களில் கசட்டைச் செரிக்கவைத்துக் கிடைக்கும் மீத்தேனிலிருந்து மின்சாரம் எடுத்து இந்தச் சுமையைக் குறைக்கிறார்கள். இம்முறைக்குத் தூண்டுதல் தந்த ஃபவுலரே 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்து, கழிவுநீர் ஆய்வை இங்கும் தொடர்ந்தார்.